வெடிக்கு ஒரு நியாயம், சைலன்சருக்கு ஒரு நியாயமா?

திருத்தங்கலில் புதுக் கார் வந்தால் முதல் பயணம் எங்கே என்று கேட்கவே வேண்டாம். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் அடிவாரம்தான். சந்தனம், குங்குமம், மாலை, ஒரு பூசணிக்காய், நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம். நசுக்கிவிட்டுக் கிளம்பியாச்சு. குடும்பக் காரோ, இரண்டே கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் காரோ, இதுவரைக்கும் எல்லாம் ஒன்றுதான்.

வித்தியாசம் இரண்டாவது பயணத்தில் இருக்கிறது. குடும்பக் கார் வாங்கியவர் வீட்டுக்குப் போவார். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய தம்பி நேரே ஆக்சஸரீஸ் கடைக்குப் போவார்.

"அண்ணே, சவுண்டு பத்தல."

"பண்ணிருவோம் தம்பி!"

அம்புட்டுத்தான். வருஷக்கணக்கில் எஞ்சினியர்கள் உட்கார்ந்து அளந்து அளந்து செய்த சைலன்சர் அரை மணி நேரத்தில் கழன்று கடையின் மூலைக்குப் போய்விடும். கூடவே கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது வேறு. ஊரில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கருக்கு அது தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை. வண்டியோடு வந்த கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வரவில்லை!

அந்தக் கையேட்டைப் பிரித்திருந்தால் தெரிந்திருக்கும். புது வண்டி பச்சைப்புள்ள மாதிரி. முதல் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு எஞ்சினை உச்சத்துக்கு விரட்டக் கூடாது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவதும் கூடாது. உள்ளே பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசி இணங்கி வருகிற காலம் அது. டயர் புதுசு, மேல்தோல் வழவழப்பு போகிறவரை பிடிமானம் குறைவு. பிரேக் பேடும் டிஸ்கில் படிந்து வரவேண்டும். ஆக, வண்டி நிற்கவும் திரும்பவும் இன்னும் முழுதாகத் தயாராகாத நாட்களில்தான் தம்பி பைபாஸில் "எவ்வளவு போகுதுன்னு" பார்க்கிறார்.

வெளிப் பராமரிப்பு அதைவிடக் கொடுமை. உச்சி வெயிலில் போர்த் தண்ணீரை அடித்து, அது அப்படியே காய்ந்து, பெயிண்ட் முழுக்க உப்புப் புள்ளி. புழுதி படிந்த வண்டியைப் பழைய வேட்டியால் 'சும்மா ஒரு துடை' துடைத்து, வட்ட வட்டமாகக் கீறல். நிழலில் நிறுத்தி, முதலில் புழுதியை நீரால் கழுவி இறக்கி, பிறகு மைக்ரோஃபைபர் துணி. இதற்கு ஆகும் செலவு ஒரு பிரியாணிக் காசு. ஆனால் இதில் பந்தா கிடையாதே! டயருக்கு நைட்ரஜன் நிரப்பக் காசு கொடுப்பார்கள். (சும்மா கிடைக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.) வாரம் ஒருமுறை டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் பார்க்கச் சொன்னால் மட்டும் நேரம் இருக்காது.

சரி, இதெல்லாம் அவரவர் வண்டி, அவரவர் நஷ்டம். விட்டுவிடலாம். சைலன்சர் விஷயத்தை அப்படி விட முடியாது.

ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் பின்னால் "பட்... பட்... படார்" என்று கேட்கிறதே, அது வண்டியின் வீரம் இல்லை. எஞ்சினுக்குள் எரியவேண்டிய பெட்ரோலை வேண்டுமென்றே தாமதமாக எரியவிட்டு, புகைக்குழாயில் வெடிக்க வைக்கிற வேலை. அந்தச் சூட்டில் வால்வும் டர்போவும் பாடுபடும். நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெட்டுப்போகும். பல இடங்களில் அதையே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள்.

இந்தப் "படார்" வேறு எந்த ஊரில் கேட்டாலும் வெறும் இரைச்சல். திருத்தங்கலில், சிவகாசியில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. பட்டாசு ஆலைக்குள் மருந்து அறைக்குப் போகிற ஆள் செருப்பைக் கழற்றி வைக்கிறார். உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்க வாசலில் இருக்கிற உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். இரும்புக் கருவிக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒரு பொறி, ஒரே ஒரு பொறி போதும் என்று தெரிந்து வாழ்கிறவர்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் விபத்து நின்றபாடில்லை. எங்கேயோ ஒரு சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்து வீடுகளில் வாசலுக்கு ஓடிவந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். வேலைக்குப் போன ஆள் அந்தத் திசையா என்று பார்ப்பார்கள். அந்தத் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் காசு கொடுத்து "படார்" வாங்கி ஓட்டுகிறார் என்றால் அதற்குப் பெயர் என்ன?

இன்னொரு கணக்கும் உண்டு. பட்டாசுக்கு 1999-லிருந்தே சத்த வரம்பு இருக்கிறது. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபல், அதற்கு மேல் போனால் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டது. தீபாவளிக்கு வெடிக்க இரண்டே மணி நேரம் என்றது. அந்தத் தீர்ப்பால் இந்த ஊரில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் சரவெடி கட்டினால் குற்றம். வருஷம் 365 நாளும் சரவெடி மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு ஓட்டினால் கெத்தா? என்ன நியாயம் இது?

"என் காசு, என் வண்டி, உனக்கென்ன?" என்பதுதான் வழக்கமான பதில். காசு அவருடையது. காது ஊருடையது. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றி வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி இப்படிச் செய்கிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றினால் விபத்து நாளில் கையை விரிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அரைக் கோடிக்குக் கார் வாங்கியவருக்கு 5,000 ரூபாய் ஒரு அபராதமா? டீச் செலவு! அதனால்தான் இதைச் சட்டத்திடம் மட்டும் விட முடியவில்லை. கொஞ்சம் வெட்கமும் வேண்டியிருக்கிறது.

"ஃபாரினில் எல்லாரும் பண்றாங்களே?" ஜெர்மனியில் பண்ணுகிறார்கள், உண்மைதான். அங்கே முக்கியமான பாகத்தை மாற்றினால் அதற்குச் சான்றிதழ் வேண்டும், சோதனை வேண்டும், வண்டிப் புத்தகத்தில் ஏற்றவும் வேண்டும். அந்தப் பாதியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வண்டியை மெருகேற்றவே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பாரம்பரியமே உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களையே உருவாக்கினார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அதே கோவையிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். வேகம் வேண்டுமா? திருத்தங்கலிலிருந்து விடிகாலை கிளம்பினால் மதியத்துக்குள் அங்கே போய்விடலாம். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வராது.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் முதலில் நல்ல டயர், நல்ல பிரேக் பேடு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புது பிரேக் ஆயில், அதற்கப்புறம் ஓட்டுகிறவருக்கு நாலு நாள் பயிற்சி. திருவாரூர் ஆழித்தேருக்கு நவீன காலத்தில் என்ன சேர்த்தார்கள்? இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும். அத்தனை பெரிய தேரை எப்படி நிறுத்துவது என்றுதான் யோசித்தார்கள். தேர் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வருகிறது. ஊரே திரண்டு நின்று பார்க்கிறது.

கழற்றிப் போட்ட அந்த ஒரிஜினல் சைலன்சர் இன்னும் கடை மூலையில்தான் கிடக்கும். பழைய இரும்புக்குப் போவதற்குள் போய் எடுத்து மாட்டிக்கொள்ளுங்க, தம்பி.