சீவாளியும் சீடனும்

நாகசுரக் கச்சேரி முடிந்து கலையும் கூட்டத்தில் நின்று கேட்டால், தோடியைப் பற்றிப் பேசுவார்கள், மூச்சுக்கட்டைப் பற்றிப் பேசுவார்கள், தவில்காரர் இன்று அமர்க்களப்படுத்திவிட்டார் என்பார்கள். சீவாளியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லி நாம் கேட்டதில்லை. (நாகசுரமா, நாதசுரமா என்ற பழைய வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. இரு தரப்புக்கும் சீவாளி ஒன்றுதான்.) ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நீண்ட உலவுக்கு ஊர்ப்பெயர் உண்டு, புகழ் உண்டு, நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் தலையில் கெண்டைமேல் செருகப்படும் விரல் நீளம்கூட இல்லாத நாணல் தட்டைக்கு அத்தகைய பேச்சு இல்லை. ஆனால் ஓசை பிறப்பது அங்கேதான்.

நாகசுரம் பயிலும் மாணவர் தம் சீவாளியைத் தாமே பக்குவப்படுத்தக் கற்க வேண்டும் என்பது நம் கருத்து. கைக்காசு மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிக் கற்றால் வாசிப்பே உயரும் என்று நம்புகிறோம்.

காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. சீவாளியில் இரண்டு இதழ்கள் எதிரெதிராக இருக்கின்றன. அவற்றினிடையே உள்ள வாய் சற்றே அகன்றால் காற்று மிகுதியாகச் செலவாகும். ஊதுபவர் இரண்டாவது கீர்த்தனைக்குள் களைத்துவிடுவார். ஒடுங்கினால் ஓசை நெரிபடும். நுனி தடித்திருந்தால் மேல் ஸ்தாயி பிடிவாதம் பிடிக்கும். மிக மெலிந்திருந்தால் கீழ் ஸ்தாயி பிளிறும். நாகசுரத்தில் கமகம் விரலால் மட்டும் வருவதில்லை. துளையைப் பாதி மூடுவதோடு, உதடு சீவாளியை அழுத்துகிற அழுத்தமும் மூச்சின் வேகமும் சேர்ந்துதான் சுரத்தை அசைக்கின்றன. ஆகவே சீவாளியை அறியாதவர் தம் கமகத்தில் பாதியை அறியாதவர். பெயரில் இருப்பது சீவுதலா சீவனா என்பதைச் சொல்லாய்வாளர் தீர்த்துக்கொள்ளட்டும்.

சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயிலின் வைகாசித் திருவிழா நாள்களில் மேளம் கேட்காத தெரு இராது. அங்கே ஒரு மண்டகப்படியில் நாம் கண்டதைச் சொல்லலாம். வைகை மணல் கொதித்து அடங்கியிராத மாலை. இளைஞர் ஒருவர் கல்யாணியைத் தொடங்கினார். மேல் ஷட்ஜம் சற்றுக் கீழே நின்றது. அவர் இன்னும் பலமாக ஊதினார். பின்னர்ச் சீவாளியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டார். அதுவும் ஒத்துவரவில்லை, மூன்றாவதைப் போட்டார். மூன்றும் கடையில் வாங்கிய நிலையிலேயே இருந்தவை. அருகில் இருந்த முதியவர் அந்த முதல் சீவாளியை வாங்கி வாயில் ஊறவைத்து, இரு தட்டைப் பக்கங்களையும் விரலால் மெல்ல அமுக்கி, அடியில் சுற்றியிருந்த நூலை ஒரு சுற்று இறுக்கிக் கொடுத்தார். இரண்டு நிமிடங்கள் ஆகியிருக்கலாம். கல்யாணி எழுந்தது. முதியவரின் செயலில் மந்திரம் ஏதுமில்லை. வறண்ட காற்றில் தட்டை உலர்ந்து உருமாறுகிறது, எச்சிலின் ஈரத்தில் இளகுகிறது, அமுக்கினால் வாய் ஒடுங்குகிறது, ஓரங்களைப் பிடித்து அழுத்தினால் விரிகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த இளைஞர் அதுவரை போராடியது எதனோடு என்பதை எண்ணிப் பாருங்கள். குறை தம் மூச்சிலா கருவியிலா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கருவியின் குறையைத் தம் குறை என்று எண்ணி உதட்டைக் கெடுத்துக்கொள்பவர்களும், தம் குறையைக் கருவியின் மேல் போட்டுப் புதுச் சீவாளி வாங்கிக்கொண்டே இருப்பவர்களும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பனிமலையில் சறுக்கி விளையாடுவோரிடமும் இதே பாடம் உண்டு. நம் நாட்டில் குல்மார்க்கிலும் ஔலியிலும் அந்த விளையாட்டு நடக்கிறது. சறுக்குப் பலகையின் அடிப்புறத்தில் பனியின் குளிர்நிலைக்கு ஏற்ற மெழுகைத் தேய்ப்பார்கள். இரு ஓரத்திலும் உள்ள எஃகு விளிம்பை அரத்தால் தீட்டுவார்கள். பெரும்போட்டியாளருக்கு இதற்கென்றே ஆள்கள் உண்டு. மற்றவர்களுக்கு, அதைத் தாமே செய்யப் பழகினால் சறுக்கும் திறமும் கூடும் என்கிறார்கள். விளிம்பைத் தீட்டியவருக்குத்தான் இறுகிய பனியில் வழுக்கியது காலா விளிம்பா என்று தெரியும். மேற்கத்திய இசையில் ஓபோ என்ற இரட்டை நாணல் கருவி நம் நாகசுரத்துக்கு இன்னும் நெருங்கிய உறவு. அதைப் பயில்பவர்கள் இசைப்பள்ளியில் நாணல் சீவுவதைப் பாடமாகவே கற்கிறார்கள். கத்தியும் நூலும் தட்டையுமாக மணிக்கணக்கில் அமர்வதைப் பற்றி அவர்கள் புலம்புவதும் உண்டு. புலம்பிக்கொண்டேனும் கற்கிறார்கள்.

நம்மிடம் இந்தக் கல்வி இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. அதன் பெயர் ஒத்து. விரல் துளைகள் இல்லாத, ஆதார சுருதி ஒன்றையே இடைவிடாமல் ஒலிக்கும் குழல் அது. கீழ்ப்பகுதியில் உள்ள துளைகளில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியை நாகசுரத்தோடு சேர்க்க வேண்டும். குருவின் பின்னால் நின்று ஒத்து ஊதும் சீடனுக்கு ராகம் வாசிக்க அனுமதி இல்லை. வேறு வேலையும் இல்லாததால், மூச்சை இழுத்துப் பிடிப்பதையும், சீவாளியை ஈரம் குறையாமல் காப்பதையும், மெழுகு ஒரு கடுகளவு கூடினால் சுருதி எங்கே போகிறது என்பதையும் அவன் செவி வருடக்கணக்கில் கற்றுக்கொண்டது. பின்பு மின்சுருதிப் பெட்டி வந்தது. விசையைத் திருப்பினால் போதும். கூலி கேட்காது, சோறு கேட்காது. சுருதி கிடைத்தது, பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற வசை மட்டும் மொழியில் மிஞ்சியிருக்கிறது. ஒத்து ஊதுவதைக் கீழான வேலையாக எண்ணிய சமூகத்துக்கு, அதுவே கருவியியல் வகுப்பாக இருந்தது என்று தோன்றாததில் வியப்பில்லை.

தமிழ் படித்தவர்கள் இன்னும் பின்னே போகலாம். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையனை நினைத்துக்கொள்ளுங்கள். தீக்கடை கோலால் துளையிட்டுக் குழல் செய்து அதில் பாலைப்பண் இசைக்கிறான். அது அலுத்ததும் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் எழுப்புகிறான். ஆடு மேய்க்கும் பொழுதில் இரண்டு கருவிகள், இரண்டு பண்கள். செய்பவனும் வாசிப்பவனும் அங்கே ஒருவனே. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது இடையனின் எளிமை என்று விளக்கிக் கடந்துவிடும் வழக்கம் உண்டு. நமக்கு அது எளிமையாகத் தெரியவில்லை. பெரிய தேர்ச்சியாகத் தெரிகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி எனப் பொருள்களை வரிசைப்படுத்துகிறார். இசை நூல் எழுதியவர்கள் மரத்தை மறக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதே. சீவாளி செய்வது காவிரிக்கரையில் தலைமுறையாக அதையே செய்துவரும் சில குடும்பங்களின் பிழைப்பு. வாசிப்பவர்களே அதில் இறங்கினால் அவர்கள் கதி என்ன? நாம் சொல்வது செய்வதை அன்று, செப்பனிடுவதை. நாணலைத் தேர்ந்து அறுத்துப் பதப்படுத்திச் சீவாளியாகக் கட்டுவது ஆயுட்கால வித்தை. அதை வாரம் ஒரு வகுப்பில் கற்க முடியாது. அவர்கள் கட்டிக் கொடுத்ததைத் தம் உதட்டுக்கும் தம் ஊர்க் காற்றுக்கும் ஏற்பப் பக்குவப்படுத்துவதுதான் வாசிப்பவர் செய்ய வேண்டியது. நல்ல சீவாளிக்கும் மட்டமான சீவாளிக்கும் வேறுபாடு அறிந்த மாணவர் நல்லதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்கமாட்டார். பொறுக்கத் தெரியாதவருக்கு எல்லாம் ஒரே விலை.

இன்னும் கசப்பான ஒன்றும் உண்டு. கருவி செய்பவரின் பெயர் கச்சேரி மேடையில் சொல்லப்படுவதில்லை. மிருதங்கம் செய்தவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதியபோது, தோலைத் தொட்ட கைகளைச் சாதி எவ்வளவு தொலைவில் நிறுத்தியது என்பது பலருக்குச் செய்தியாக இருந்தது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கலைஞரின் கையும் காதும் இருந்தன. மூளை வேலை மேல், கைவேலை கீழ் என்ற எண்ணமே வாசிப்பவரையும் கருவியையும் பிரித்து வைத்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. தவில்காரர்களைப் பாருங்கள். விரலில் மாட்டும் கூட்டைத் துணியும் பசையுமாகத் தாமே சுற்றிக் கட்டிக் கொள்கிறார்கள். அதில் அவர்களுக்குக் கௌரவக் குறைவு ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரம் மூன்றாண்டுப் படிப்பு. அதில் வாரம் ஒரு மணி நேரத்தைச் சீவாளிக்கும் மெழுகுக்கும் ஒதுக்கலாம். வேண்டிய பொருள் ஒரு சிறு கத்தி, நூல்கண்டு, ஊசி, மெழுகு உருண்டை. அரசுக்குச் செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. தேர்வில் கீர்த்தனை கேட்பதோடு, உலர்ந்த சீவாளி ஒன்றைக் கொடுத்து வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். இரண்டு மாணவர்களை ஒரே சுருதியில் சேர்ந்து வாசிக்க வைக்கலாம். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களைப் போல இருவர் ஒருவராக ஒலிக்க வேண்டுமானால், இருவர் சீவாளியும் முதலில் இணங்க வேண்டும் என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்.

பாடம் நடத்த யாரை அழைப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. சீவாளி கட்டும் கலைஞர்களையே அழைக்க வேண்டும். நாகசுர ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே நாற்காலியையும் அதே ஊதியத்தையும் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். கல்வித்தகுதிச் சான்றிதழ் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.