பறவை உவமை யாருக்கு வேண்டும்?

ஐப்பசி பிறந்துவிட்டால் எமது மலைநாட்டுக்கு வடபுலத்துப் பறவைகள் வந்திறங்குகின்றன. சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் இறம்பொடையிலிருந்து லபுக்கலை வழியாக நுவரெலியா சென்றேன். ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைந்த ஏரியையும், அதற்கு அணித்தான விக்டோரியா பூங்காவையும் சுற்றி நடந்தோம். தாழ்ந்த கிளையொன்றில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் அமர்ந்திருந்தது. ஆணின் செம்மார்புக்கு இருமருங்கும் கரிய விளிம்பு உண்டு. பெண்பறவையை இனங்காண எனக்கு இன்னும் கைவரவில்லை. இமயச் சாரலில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க இத்தனை தொலைவு வரும் உடம்பு கையளவும் இல்லை!

“நாங்களும் இப்படி வந்தவங்க தானே, சேர்?” என்றான் ஒரு மாணவன்.

இந்த எண்ணத்தை அவன் எங்கே பெற்றான் என்பதை நான் அறிவேன். மலையகத்தைப் பாடப் புகும் நம் கவிஞரும் மேடைப் பேச்சாளரும் கைகூசாமல் எடுத்தாளும் உவமை இது. இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். இரக்கம் பொய்யை மெய்யாக்குமா?

கோப்பிக் காலத்தில் இதிலே பாதி உண்மை இருந்தது. பழம் பறிக்கும் மாதங்களில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியே காடு கடந்து வந்தோர், வழியில் மாண்டவர் போக, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் இலைநோய் கண்டது; கோப்பி அழிந்தது; தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் குடும்பத்தோடு லயத்தில் தங்கும் உழைப்பாளி முதலாளிக்கு வேண்டியிருந்தது. இவர்களைத் தங்கவைத்தது மூலதனம். தங்கி வேரூன்றியவரை, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது! இங்கேயே பிறந்தவரைக் கப்பலேற்றுவதற்கு இதைவிட வசதியான உவமை ஏது? பறவை போவது இயற்கை; அதற்காக எவரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை அன்றோ!

எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மூப்படையும் எத்தனையோ குடும்பங்களிடம் காணியுறுதி இன்றும் இல்லை. கவிஞர்களே, அதை எழுதுங்கள்.

ஈப்பிடிப்பான் பங்குனியில் போய்விட்டது. என் மாணவனோ, தன் பூட்டன் நட்ட தேயிலைக்கூடாக நடந்து நேற்றும் பள்ளிக்கு வந்தான்.