செப்டிக் ஷாக்: விலங்குகளைக் காத்த மருந்து மனிதரைக் காக்குமா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் உங்களுக்கு, ‘விலங்குகளில் பலித்த புதிய மருந்தை எங்கள் நோயாளிக்கு ஏன் தரக்கூடாது?’ என்ற ஐயம் எழுவது இயல்பே.

ஆய்வுகள் கூறுவது என்ன?

கடுந்தொற்றின்போது உடலிலுள்ள ஒரு நொதி நைட்ரிக் ஆக்சைடை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து, இரத்த அழுத்தம் வீழ்கிறது. 1990-இல் வெளியான ஆய்வுகளில், இந்நொதியைத் தடுக்கும் மருந்து நாய்களின் இரத்த அழுத்தத்தை மீட்டது. ஆனால், 797 நோயாளிகளிடம் நடைபெற்று 2004-இல் வெளியான ஆய்வில் மருந்து பெற்றோரில் 59 விழுக்காட்டினரும், பெறாதோரில் 49 விழுக்காட்டினரும் 28 நாள்களுக்குள் இறந்தனர். ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அழுத்தம் உயர்ந்தது, உயிர் காக்கப்படவில்லை. உடலுக்குத் தேவையான நைட்ரிக் ஆக்சைடையும் அம்மருந்து தடுத்ததே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் பயன்பாட்டிலுள்ள யூலினாஸ்டாட்டின் வேறு வகை நொதித் தடுப்பு மருந்தாகும். 2014-இல் வெளியான அதன் இந்திய ஆய்வில் 122 பேரே பங்கேற்றனர். அது அடிப்படைச் சிகிச்சைக்கு மாற்று அன்று.

நீங்கள் செய்ய வேண்டியது

காய்ச்சலுடன் குழப்பம், மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதியினர் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கும் ஆன்டிபயாடிக் மருந்தும், நரம்புவழித் திரவமுமே இன்றும் உயிர்காக்கும் முதற்சிகிச்சை.