பொருள் புதிது: கார்பைனுக்கு வார் எதற்கு... எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

1997 பிப்ரவரி 28. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், வடக்கு ஹாலிவுட் பகுதியில் இருக்கும் ஒரு வங்கிக்குள் இரண்டு கொள்ளையர்கள் நுழைந்தார்கள். உடம்பில் குண்டு துளைக்காத கவசம், கையில் தானியங்கித் துப்பாக்கிகள். வெளியே வளைத்து நின்ற போலீஸாரிடம் இருந்தவையோ பெரும்பாலும் கைத்துப்பாக்கிகளும் ஷாட்கன்களும்தான். அவற்றின் குண்டுகள் அந்தக் கவசத்திடம் தோற்றன. பக்கத்திலிருந்த துப்பாக்கிக் கடைக்குப் போய் ரைஃபிள் வாங்கி வர வேண்டிய நிலை. சுமார் 44 நிமிடங்கள் நீடித்த சண்டையின் முடிவில் கொள்ளையர்கள் இருவரும் இறந்தார்கள். போலீஸாரிலும் பொதுமக்களிலும் பலர் காயமடைந்தார்கள்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் பல ஊர்களில் ரோந்து போலீஸாருக்கு ரைஃபிள் தரும் வழக்கம் பரவியது. அதிலும் கார்பைன்தான் வசதி. கார்பைன் என்றால் குட்டை ரைஃபிள். அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளுக்குக் குழல் 20 அங்குலம் என்றால், அதன் தம்பியான எம்4 கார்பைனுக்கு 14.5 அங்குலம்தான். காருக்குள் வைத்துக்கொள்ளலாம், குறுகலான வராந்தாவிலும் திருப்பலாம்.

ஆனால், கூடவே ஒரு சிக்கலும் வந்தது.

வேலை முடிந்ததும் கைத்துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகிவிடலாம். கார்பைனை எங்கே வைப்பது? கீழே வைத்தால் வேறு யாராவது எடுத்துவிடலாம். கையிலேயே பிடித்திருந்தால் பிடிபட்டவருக்கு விலங்கு மாட்ட முடியாது, ரத்தம் கொட்டுகிறவருக்குக் கட்டுப் போட முடியாது, பயந்து நிற்கும் குழந்தையைத் தூக்க முடியாது. அதனால்தான், கைத்துப்பாக்கிக்கு உறை எப்படியோ ரைஃபிளுக்கு வார் அப்படி என்று அமெரிக்கப் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

குதிரை வீரனின் கொக்கி

கார்பைனும் வாரும் பழைய கூட்டாளிகள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், குதிரைப்படை வீரர்கள் அகலமான தோல் பட்டையைத் தோளின் குறுக்கே போட்டிருப்பார்கள். அதில் ஒரு கொக்கி. கார்பைனின் பக்கவாட்டில் இருக்கும் வளையத்தை அதில் மாட்டிவிட்டால் போதும், கையை விட்டாலும் துப்பாக்கி கீழே விழாது. ஆனால் ஒரே இடத்தில் மாட்டியது ஊஞ்சல் போல ஆடுமே! அதற்காகவே, குழல் முனையைச் செருகிக்கொள்ள குதிரைச் சேணத்தில் ஒரு சின்னத் தோல் குழாயும் வைத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் வந்த எம்1 கார்பைன் 60 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதன் வார் இரண்டு இடங்களில் மாட்டப்பட்டது. பின்பக்கத்தில் மரக்கட்டையில் வெட்டிய பள்ளத்துக்குள் வாரை நுழைத்து, துப்பாக்கிக்கு எண்ணெய் போடும் சின்னக் குப்பியையே அதற்குத் தாழ்ப்பாளாக்கினார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு வேலை!

ஒன்றா, இரண்டா, மூன்றா?

இன்றைக்குக் கிடைக்கும் வார்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒற்றை முனை வார், துப்பாக்கியை ஒரே இடத்தில் பிடிக்கும். இடது தோளுக்கும் வலது தோளுக்கும் மாற்றுவது சுலபம். ஆனால் கையை விட்டதும் துப்பாக்கி இரண்டு கால்களுக்கு நடுவே தொங்கி ஆடும். ஓடினால் முழங்காலில் இடிக்கும். குழல் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

மூன்று முனை வாரில் துப்பாக்கியின் நீளவாக்கில் இன்னொரு பட்டையும் ஓடும். உடம்போடு நன்றாக நிற்கும் என்றாலும், பட்டைகள் ஒன்றோடொன்று சிக்கும். துப்பாக்கியின் பொத்தான்களையும் மறைக்கும்.

இரண்டு முனை வார் முன்னால் ஓரிடத்திலும் பின்கட்டையில் ஓரிடத்திலும் பிடிக்கும். குழல் ஓரளவு ஒரே திசையில், தரையை நோக்கி நிற்கும். இதிலும் நீளம் மாறாத வாரில் ஒரு குறை உண்டு. தோளில் ஏற்றிக் குறிபார்க்கத் தோதாக நீளமாக வைத்தால், கையை விட்டதும் துப்பாக்கி தளர்ந்து ஆடும். ஆடாமல் இருக்க இறுக்கினால், தோளில் ஏற்ற முடியாது.

இந்த இழுபறிக்குப் பதில்தான், நீளத்தை நொடியில் மாற்றக்கூடிய இரண்டு முனை வார். ப்ளூ ஃபோர்ஸ் கியரின் விக்கர்ஸ், ஃபெரோ கான்செப்ட்ஸின் ஸ்லிங்ஸ்டர், மேக்புல்லின் எம்எஸ்4 எல்லாம் இந்த ரகம். எம்எஸ்4 வாரைத் தேவைப்பட்டால் ஒற்றை முனையாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்...

* இழுப்பான்: முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்கூல் பேக் பட்டையைப் போல இரண்டு கையாலும் போராடித் தளர்த்துவதாக இருந்தால், அவசரத்தில் உதவாது. கையுறை போட்ட ஒரே கையால், பார்க்காமலே இறுக்கவும் தளர்த்தவும் வர வேண்டும். தானாக நழுவவும் கூடாது.

* தொங்கும் வால்: இறுக்கிய பிறகு மிஞ்சும் பட்டை நீளமாகத் தொங்கினால், கார் கதவிலும் கைப்பிடியிலும் மாட்டும். மிச்சத்தை அடக்கிவைக்க வாரிலேயே வழி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

* அகலம்: வழக்கமான நைலான் பட்டை ஒன்றேகால் அங்குலம். குண்டுகள் நிரப்பிய மேகசினோடு எம்4 ஏறக்குறைய மூன்றரை கிலோ. மணிக்கணக்கில் சுமப்பவர்கள் தோளில் பஞ்சு வைத்த பட்டையை விரும்புகிறார்கள். காரிலேயே வைத்திருந்து எப்போதாவது எடுப்பவர்களுக்கு மெல்லிய பட்டையே தோது.

* ரப்பர் இழுவை: எலாஸ்டிக் வைத்த வார், கடையில் போட்டுப் பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஓடும்போது துப்பாக்கி குதிக்கும்.

* மாட்டும் இடம்: அழுத்தினால் கழலும் பொத்தான் கொக்கி பரவலாக இருக்கிறது. அது முழுவதுமாகச் சுழன்றால் வார் முறுக்கிக்கொள்ளும். பாதியில் நிறுத்தும் குழி இருந்தால் நல்லது. முன்கொக்கி குழலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கவும் கூடாது. சுட்டுச் சூடான குழல் பட்டால் நைலான் உருகிவிடும்.

* அவசர பக்கிள்: கைகலப்பில் எதிராளி வாரைப் பிடித்து இழுத்தால், போட்டிருப்பவரின் கழுத்துக்கே ஆபத்து. ஒரே அழுத்தில் திறக்கும் பக்கிள் அப்போது காப்பாற்றும். அதே பக்கிள் எதிலாவது இடித்துத் தானாகத் திறந்தால், துப்பாக்கி தரையில். அதனால், தெரிந்து அழுத்தினால் மட்டுமே திறக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

மாட்டிய பிறகு

வாரை மாட்டி அளவெடுக்கும் முன் மேகசினைக் கழற்றி, அறைக்குள் குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். இதில் அனுபவசாலி, புதியவர் என்ற பேதமே கிடையாது.

அடுத்து, வேலைக்குப் போகும்போது போடும் கவசத்தையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டே அளவு பார்க்க வேண்டும். பனியன் மேல் கச்சிதமாக இருக்கும் வார், கவசத்தின் மேல் போதாது. கொக்கிகள் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு தோளில் ஏற்றிக் குறிபார்க்கிற மாதிரி நின்று, தோள் மாற்றி, காரில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். வாரை இறுக்கிவிட்டு இரண்டு கைகளையும் எடுத்துவிட வேண்டும். குனிய வேண்டும், மண்டியிட வேண்டும், தரையில் கிடப்பவருக்குக் கட்டுப் போடுவது போலச் செய்து பார்க்க வேண்டும். அப்போது குழல் எங்கே பார்க்கிறது? காப்பாற்றப் போன ஆளின் முகத்தையா, பக்கத்தில் நிற்கும் சக போலீஸ்காரரின் காலையா, வெறும் தரையையா? தரையைப் பார்க்கவில்லை என்றால் கொக்கியின் இடத்தை மாற்றலாம், இன்னும் கொஞ்சம் இறுக்கலாம், அதற்கும் சரிவராவிட்டால் வேறு வார் பார்க்கலாம்.

கார்பைனோடு போகும் ஒரு போலீஸ்காரர், பணியில் சுடுவது எப்போதாவதுதான். கையை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் நேரமே அதிகம். விசையில் விரலே இல்லாத அந்த நேரம் முழுக்க, துப்பாக்கியைப் பொறுப்பாகப் பிடித்திருப்பது ஒன்றேகால் அங்குலப் பட்டைதான்.