டிடெக்டர் வாங்கியாச்சு... எதால தோண்டுவது?

மெட்டல் டிடெக்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோயில் வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போலீஸ்காரர்தான். ஆனால் இங்கிலாந்து மாதிரி நாடுகளில் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. வயலில் நடப்பார்கள், பீப் சத்தம் கேட்டால் தோண்டுவார்கள், பழைய காசோ பட்டனோ கிடைக்கும். இப்போது அந்த மெஷினை நம்ம ஊரிலும் ஆன்லைனில் வாங்கலாம். வாங்கியவுடன் வரும் அடுத்த கேள்வி, எதால் தோண்டுவது?

கடப்பாரையா, மண்வெட்டியா, களைக்கொத்தா? அற்ப விஷயம் மாதிரி தெரிகிறதா? தர்மபுரி மாவட்டத்தில் இது அற்ப விஷயம் இல்லை.

முதலில் ஒரு டெக்னிக்கல் சமாச்சாரம். சாதாரண டிடெக்டர் ஒரு காசு அளவுள்ள பொருளை சுமார் ஒரு சாண் ஆழம் வரைதான் ஒழுங்காகக் காட்டும். பெரிய பொருள் என்றால் இன்னும் கொஞ்சம் ஆழம். ஆக, காசு தேடுகிறவருக்கு ஒரு சாணுக்கு மேல் தோண்டும் கருவியே தேவையில்லை. கடப்பாரையோடு ஒருவர் கிளம்பினால் அவர் தேடுவது காசு இல்லை, புதையல்!

இந்த ஒரு சாண் கணக்குக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஏர் ஓட்டி ஓட்டி மேல் மண் ஏற்கெனவே கலைந்து கிடக்கிறது. அதற்குக் கீழேதான் கலையாத மண். இங்கிலாந்தில் பொழுதுபோக்காகத் தேடுபவர்களுக்கான நடத்தை விதியும் இதைத்தான் சொல்கிறது. முடிந்தவரை உழுத நிலத்தில் தேடு, உழவு ஆழத்துக்குள் நில்.

சரி, அந்தக் கலையாத மண்ணில் அப்படி என்ன இருக்கிறது? பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை (2004 வரை அது தர்மபுரி மாவட்டம்தான்). அங்கே தமிழகத் தொல்லியல் துறை 2021ல் அகழாய்வு செய்தது. 4,200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் இரும்பு புழக்கத்தில் இருந்தது என்று 2022ல் சட்டசபையில் அறிவித்தார்கள். கி.மு. 2172 என்ற காலம் அங்கே கிடைத்தது. (2025 ஜனவரியில் வெளியான சிவகளை முடிவுகள் அதையும் தாண்டி இன்னும் பின்னால் போய்விட்டன.)

கவனிக்க வேண்டியது இதுதான். அந்தக் காலத்தைச் சொன்னது இரும்பு இல்லை, அதே மண் அடுக்கில் கிடந்த கரி. கரியைப் பார்த்து எந்த டிடெக்டரும் பீப் அடிக்காது. கடப்பாரையால் நெம்பி இரும்பை மட்டும் எடுத்திருந்தால் அடுக்கு கலைந்து, கரி காற்றோடு போயிருக்கும். கையில் மிஞ்சியிருப்பது துருப்பிடித்த ஒரு துண்டு. பழைய இரும்புக் கடைக்காரர் கூட வாங்க மாட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆணி, பழைய லாடம் எல்லாம் தொல்லை கொடுக்கிறது என்று டிடெக்டரில் இரும்பு சத்தத்தை மட்டும் அடக்கி வைக்க ஒரு செட்டிங் உண்டு. பெரும்பாலானோர் அதைப் போட்டுவிட்டுத்தான் தங்கத்துக்கு அலைகிறார்கள். ஆனால் இந்த மண்ணின் பெருமையே இரும்புதானே!

"மாங்கன்று வைக்க விவசாயி மூன்றடி குழி எடுக்கிறார், ஜேசிபி ஏரிக்கரையையே புரட்டுகிறது. நான் இரண்டடி தோண்டினால் குற்றமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விவசாயி தோண்டுவது பிழைப்புக்கு. அவர் உலோகம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தோண்டுவதில்லை. டிடெக்டர்காரர் செய்வது அதைத்தான். அதனால் சேதம் சரியாக முக்கியமான இடத்திலேயே விழுகிறது. அந்த மாங்குழி மண் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு அந்தக் குவியலில் தாராளமாகத் தேடலாம்.

ஆக, எந்தக் கருவி? சாண் நீளத்துக்கு மேல் போகாத ஒரு களைக்கொத்து. இறக்குமதி டிகர் எல்லாம் வேண்டாம். கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்தால் உறுதியாக அடித்துத் தருவார்கள். தகட்டில் அங்குலக் கோடு போட்டுக்கொண்டால் எவ்வளவு ஆழம் என்று தெரியும். பக்கத்தில் ஒரு கொத்தனார் கரண்டி. அகழாய்வில் மண்ணைச் சுரண்டி எடுப்பதும் ஏறக்குறைய அதே மாதிரி கரண்டியால்தான். சித்திரை வெயிலில் செம்மண் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும்போதுதான் கடப்பாரை ஆசை வரும். மழை வரட்டும், கொத்தே போதும். குழியை மூட மறக்கக் கூடாது, மேயும் மாட்டின் கால் முறியும்.

நடுகல், கற்திட்டை பக்கம் கொத்துகூட வேண்டாம். அடியில் புதையல் என்ற வதந்தியை நம்பித் தோண்டிச் சாய்த்த கற்கள் போதும். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது சட்டப்படியே குற்றம்.

மேல் மண்ணிலேயே பழைய பொருள் கிடைத்தால்? 1878ம் வருட புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைகூட உண்டு. அந்தப் பத்து ரூபாயை இந்தக் காலத்துக்கு மாற்றலாம், கலெக்டர் ஆபீஸ் என்றாலே பயப்படும் விவசாயிக்கு சுலபமான வழி ஒன்று வைக்கலாம். அது அரசாங்கம் செய்ய வேண்டியது. ஆழமாகப் போகாத கருவியை எடுப்பது வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

ஒரு சாணில் கிடைக்காதது கீழேயே இருக்கட்டும். கரியையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருநாள் வருவார்கள். அவர்களுக்கு அது கலையாமல் கிடைக்க வேண்டும், இல்லையா?