மறந்தவர் வீட்டு மணி ஒலிக்கட்டும்!

தோழர்களே!

புதுவை முதலியார்பேட்டையிலே ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு. முதியவர் எழுகிறார். "மில்லுக்கு நேரமாகிவிட்டது, கதவைத் திற" என்கிறார். அவர் உழைத்த ரோடியர் மில் மூடப்பட்டது 2020-லே! "மில் ஏதப்பா?" என்கிறாள் மகள். "நீ யாரம்மா?" என்கிறார், பெற்றெடுத்த தந்தை!

ஊர் என்ன சொல்கிறது? "வயதானால் அப்படித்தான்" என்கிறது, மகளையும் பழிக்கிறது. முதுமையின் குற்றமா இது? அல்ல, மூளையின் நோய்! செர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906-லேயே எடுத்துக் கூறினார். இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 88 இலட்சம் பேருக்கு மறதிநோய் என்று மதிப்பிட்டது, 2023-லே வெளிவந்த ஆய்வு.

நோயாளிக்கு மருத்துவர் உண்டு. விழித்தே வாடும் மகளுக்கு? தொலைபேசி உண்டு! 14567, மூத்தோர் உதவி எண்; 14416, இரவும் பகலும் இயங்கும் மனநல உதவி எண். தமிழிலே பேசலாம், கட்டணமில்லை. "வாதாடாதே அம்மா, மில் கதையைக் கேள், காபி கொடு, மெல்லப் பேச்சை மாற்று" என்று ஒரு குரல் சொன்னால், ஓர் இரவுப் போர் ஓயுமே!

ஆயினும் அவை பொதுவான எண்கள். மறதிநோய்க் குடும்பங்களின் துயரறிந்து பேசப் பயிற்சி பெற்றோரை அங்கே அமர்த்துக என்று ஆட்சியாளரைக் கேட்போம், ஓயாது கேட்போம்!

அதுவரை? வாக்குக் கேட்டுத் தட்டிய கதவுகளை மீண்டும் தட்டுங்கள், தோழர்களே! இம்முறை கேட்பதற்கல்ல, கொடுப்பதற்கு! எண்களை எழுதிக் கொடுங்கள். அந்த மகள் ஓரிரவேனும் உறங்கட்டும்!