படம் இனத்தைச் சொல்லும். நேம் பிளேட் ஆளைச் சொல்லும்

மொபைல் போன் கேமராவை ஒரு பொருளின் முன் காட்டினால் போதும், அது என்னவென்று இணையத்தில் தேடிச் சொல்லிவிடுகிறது. கூகுள் 2017-ல் அறிமுகப்படுத்திய லென்ஸ் இவ்வகையில் பலருக்கும் தெரிந்த புரோகிராம். செடி, பூச்சி, கோயில் கோபுரம் என எதைக் காட்டினாலும் பெரும்பாலும் சரியான பதில் கிடைக்கிறது. ஆனால் இயந்திரங்கள் விஷயத்தில் இந்தப் பதிலை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

எங்கள் தேனி மாவட்டத்தில் "இது என்ன மெஷின்?" என்று கேட்க வைக்கும் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. லோயர் கேம்ப்பில் மலைச் சரிவில் இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்களைப் படம் எடுத்துத் தேடினால், "பென்ஸ்டாக்" என்ற பெயர் கிடைக்கும். தேக்கடித் தண்ணீரை மின் நிலையத்தின் டர்பைன்களுக்குக் கொண்டு வருபவை அவை. ஆண்டிபட்டி பக்கம் லாரியில் ஊர்ந்து செல்லும் நீளமான பொருள் காற்றாலையின் இறக்கை என்பதும் தெரிந்துவிடும். ஆர்வத்திற்காகத் தேடுபவருக்கு இவ்வளவு போதும். வாங்கப் போகிறவருக்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழைய மெஷின் கடையில் பார்த்த பம்ப் செட்டின் படத்தை எனக்கு அனுப்பினார். "கப்பல் சரக்கு, அசல் வெளிநாட்டு மால்" என்றாராம் கடைக்காரர். குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைத்து வருகிறார்கள். அப்படி உடைக்கப்படும் கப்பல்களின் மோட்டார், பம்ப், ஜெனரேட்டர் எல்லாம் விலைக்குப் போகின்றன. எனவே கடைக்காரர் சொன்னது நடக்காத விஷயமல்ல. லென்ஸிடம் காட்டினேன். "சென்ட்ரிபியூகல் பம்ப்" என்றது. சரியான பதில்தான். ஆனால் கிணற்றில் ஓடும் பம்ப்புகளில் பாதிக்கு அதே பெயர்தான்!

மோட்டாரின் நேம் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1750 ஆர்.பி.எம். என்று இருந்தது. பல கப்பல்களில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் ஊர் லைனில் வருவது 50 ஹெர்ட்ஸ். இந்த மோட்டாரை இங்கே நேரடியாக இணைத்தால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். அதாவது சுமார் 1450. வேகம் குறைந்தால் பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம் அதன் வர்க்க விகிதத்தில் குறையும். 30 மீட்டர் ஏற்ற வேண்டிய பம்ப் சுமார் 21 மீட்டரோடு நின்றுவிடும். மேட்டுத் தோட்டத்திற்குத் தண்ணீர் ஏறாது. போதாக்குறைக்கு, 415 வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸ் கொடுக்கும்போது மோட்டார் கூடுதலாகச் சூடேறவும் இடமுண்டு. அந்த பம்ப்பை நண்பர் வாங்கவில்லை.

கவனியுங்கள். படம் சொன்னது இனத்தின் பெயர். முடிவெடுக்க உதவியதோ ஒரு சிறிய தகட்டிலிருந்த மூன்று எண்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் இரண்டு மோட்டார்கள் வேலையில் முற்றிலும் வேறாக இருக்கலாம். எந்த கேமராவாலும் இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் காயிலைப் பார்க்க முடியாது.

எனவே, தெரியாத மெஷினைக் கண்டால் முதலில் நேம் பிளேட்டைத் தேடுங்கள். ஓடும் மெஷினை நெருங்க வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள். எழுத்து மங்கியிருந்தால் துணியால் துடைத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படம் எடுங்கள். பொறித்த எழுத்தானால் மேலே சாக்பீஸைத் தேய்த்தால் தெளிவாகத் தெரியும். பிறகு லென்ஸில் "டெக்ஸ்ட்" வசதி மூலம் எழுத்துகளைக் காப்பி செய்து, தயாரிப்பாளர் பெயரையும் மாடல் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். தயாரிப்பாளரின் கையேடே பிடிஎப் பைலாகக் கிடைக்க வாய்ப்புண்டு. ஏ.ஐ. அரட்டைப் புரோகிராம்களிடம் கேட்டாலும், அவை தரும் எண்களை இந்தக் கையேட்டுடன் ஒப்பிட்ட பிறகே நம்புங்கள். இல்லாத விவரத்தையும் இருப்பது போலச் சொல்லும் பழக்கம் அவற்றிற்கு உண்டு.

கப்பல்களுக்கு ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. பெயர் மாறினாலும், கொடி மாறினாலும், உடைக்கும் நாள் வரை அந்த எண் மாறாது. அதே கப்பலிலிருந்து கழற்றிய பம்ப்போ, நேம் பிளேட் மீது ஒரு கோட் பெயின்ட் அடித்ததும் அநாதையாகிவிடுகிறது. பழைய மெஷின் விற்பவர்கள் இந்தப் பழக்கத்தை விட வேண்டும். அவர்கள் விடாவிட்டால் வாங்குபவர்களாவது கண்டிப்பாக இருக்க வேண்டும். நேம் பிளேட்டைக் காட்டாத மெஷினுக்கு எடைக்கு எடை பழைய இரும்பு விலைதான் என்று சொல்லிப் பாருங்கள். பெயின்ட் தானாகச் சுரண்டப்படும்!